இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு அறிவியலை எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: புதுப்பலகை

வணக்கம். இந்த ஆண்டு இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்க வேண்டும். வகுப்புக்கு 32 பிள்ளைகள். வாரம் 2 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஆய்வகம் இல்லை. தண்ணீர்க் குழாய், வெயில் விழும் ஒரு ஜன்னல், வெளியே கொஞ்சம் திறந்த இடம், இவ்வளவுதான் வசதி.

"நீர் மூன்று நிலைகளில் இருக்கும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டால், டம்ளர் ஒழுகுகிறது என்கிறார்கள். பாடம் மனப்பாடமாகிவிட்டது, கண்ணெதிரே இருக்கும் பொருளோடு அது ஒட்டவில்லை.

எந்தச் செயலில் தொடங்கலாம்? 32 பேரும் கையால் செய்ய என்ன வழி? பிள்ளை தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்தலாமா? வேகமாக எழுத வராதவர்கள் எப்படிக் குறிப்பு வைப்பது? கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: அளவுகோல்

மிதப்பது, மூழ்குவது. இதில் தொடங்குங்கள். விடை இரண்டு நொடியில் தெரிந்துவிடும். நினைத்தது தப்பென்றால் அதைத் தண்ணீரே சொல்லிவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. திருத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே என் பதில்: வாயால் திருத்தாதீர்கள், அந்தக் கருத்து உடையும்படி அடுத்த பொருளைக் கையில் கொடுங்கள்.

நான்கு பேராக 8 குழு. குழுவுக்கு ஒரு அகலமான தொட்டி, பாதி அளவு தண்ணீர், ஒரு துடைக்கும் துணி. ஒருவர் பொருளை எடுத்துக் காட்ட வேண்டும், ஒருவர் நீரில் விட வேண்டும், ஒருவர் குறிக்க வேண்டும், ஒருவர் துடைக்க வேண்டும். இரண்டு பொருளுக்கு ஒருமுறை வேலை மாறட்டும். இந்தப் பங்கீடு இல்லாவிட்டால் கைவேகம் உள்ள ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடும், மற்ற மூவர் பார்வையாளர்கள்.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாடமே இருக்கிறது. "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்" என்பது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும் எண்ணம். அதனால் ஒரு பெரிய மெழுகுவர்த்தியும் ஒரு குண்டூசியும் கட்டாயம் வேண்டும். பெரியது மிதக்கும், சின்னது மூழ்கும். கூடவே ரப்பர், மரப் பென்சில், கூழாங்கல், பிளாஸ்டிக் மூடி, ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தைக் கடைசியில் கொடுங்கள். மெதுவாக வைத்தால் மிதக்கும், தண்ணீர் நிரப்பினால் அதே கிண்ணம் மூழ்கும். ஒரே பொருள், ஒரே எடை, இரண்டு விடை. பிளாஸ்டிக் மூடியை நிரப்பி அமுக்கினாலும் மேலே வந்துவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைகள் தாங்களாகவே "எதனால் செய்தது", "உள்ளே காற்று இருக்கிறதா" என்று பேசத் தொடங்குவார்கள்.

ஒரு சிக்கல்: குண்டூசியைப் படுக்கவைத்துப் பக்குவமாக விட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசையால் அது மேலே நின்றுவிடும். அதனால் கிண்ணத்தைத் தவிர எந்தப் பொருளையும் விரலால் ஒருமுறை நீருக்குள் அமுக்கிவிட்டு விட வேண்டும் என்பதைப் பொது விதியாக வையுங்கள். உயரத்திலிருந்து போடவும் கூடாது.

அடுத்த பாடவேளை களிமண். எண்ணெய் கலந்த, நீரில் கரையாத மாடலிங் களிமண்தான் ஆகும். சாதாரணக் களிமண் தொட்டியில் சேறாகிவிடும். குழுவுக்கு 50 கிராம். உருண்டையாக மூழ்கும். அதையே ஒரு குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, ஓரத்தை 2 செ.மீ. உயர்த்தினால் மிதக்கும். படகு மூழ்குவதற்கு வழக்கமான காரணங்கள்: அடிப்பாகம் தடித்து, சுவர் குட்டையாக இருப்பது, மூலையில் முடியளவு விரிசல், ஈரக் களிமண்ணை மறுபடி ஒட்டப் பார்ப்பது (ஒட்டாது, நன்றாகத் துடைத்த பிறகுதான் பிசைய வேண்டும்). மிதக்கும் படகில் ஒரே அளவுள்ள கோலிகளை ஒவ்வொன்றாக ஏற்றி எண்ணச் சொல்லுங்கள். எண் வந்துவிட்டால் ஒப்பீடு வரும்.

ஊகத்தை முதலில் கிரேயானால் குறிக்கச் சொல்லுங்கள், பென்சில் வேண்டாம். பென்சிலாக இருந்தால் விடை தெரிந்ததும் அழித்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். அழிக்க முடியாத ஊகம்தான் பேசுவதற்கு இடம் தரும்.

கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அது 3 நொடியைத் தாண்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருந்தவர்களும் பேசினார்கள். செலவே இல்லாத மாற்றம் இது.

பதில் 2: நீராவி

டம்ளர் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். "ஒழுகுகிறது" என்பது நல்ல கருதுகோள், சோதித்துப் பார்க்கக்கூடியது. "சரி, ஒழுகுகிறது என்றால் வேறு என்ன நடக்க வேண்டும்?" என்று கேட்டு அங்கிருந்தே பாடத்தைக் கொண்டுபோகலாம்.

மூன்று ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர். முதலாவதில் ஐஸும் தண்ணீரும். இரண்டாவதில் ஐஸ், தண்ணீர், நன்றாகக் கலக்கிய அடர் சிவப்பு நிறம். மூன்றாவதில் அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீர் மட்டும். மூன்றையும் வெளியே உலரத் துடைத்து, வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து 15 நிமிடம் விடுங்கள். ஒழுகுவது உண்மையென்றால் மூன்றாவதும் நனைய வேண்டும், நனையாது. சிவப்பு நீர் டம்ளரின் வெளியே இருக்கும் துளியை வெள்ளை டிஷ்யூவால் ஒற்றினால் நிறம் வராது. (ஊற்றும்போது விளிம்பில் ஒரு சொட்டு வழிந்தாலும் காகிதம் சிவந்து பாடம் கெட்டுப்போகும். புனல் வைத்து ஊற்றுங்கள்.)

மூன்றாம் வகுப்பென்றால் எடையும் பார்க்கலாம். மூடி போட்ட ஐஸ் டம்ளரை ஒரு தட்டில் வைத்து, தட்டோடு சேர்த்து 1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் வைக்க வேண்டும். அரை மணி கழித்து எடை கூடியிருக்கும். உள்ளிருந்து வந்திருந்தால் மொத்த எடை மாறவே கூடாது. கூடியது எங்கிருந்து வந்தது? தட்டு கட்டாயம், இல்லையென்றால் வழிந்த நீர் கணக்கில் வராது. மூடியும் கட்டாயம், ஐஸ் உருகும் டம்ளருக்குள்ளேயும் காற்றின் ஈரம் படியும். காற்று மிக வறண்ட நாளில் துளியே படியாமல் போகலாம். முந்தைய நாள் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இதே ஐஸை வைத்து இன்னொன்று. கம்பளி சூட்டை "உண்டாக்கும்" என்று பிள்ளைகள் உறுதியாக நம்புவார்கள். ஒரே அச்சில் உறைந்த இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். ஒன்று வெறும் தட்டில், மற்றது கம்பளித் துணியில் நான்கைந்து சுற்று. எது முதலில் உருகும்? பெரும்பாலோர் கம்பளி என்பார்கள். 30 நிமிடம் கழித்துப் பிரித்தால் கம்பளிக்குள் இருந்தது பெரிதாக இருக்கும். உறை இல்லாமல் நேரே சுற்றினால் துணி நனைந்து வேறுபாடு குறைந்துவிடும். இடையில் யாரும் பிரித்துப் பார்க்கவும் கூடாது. "கம்பளி வெப்பம் போகும் வழியைத் தடுக்கிறது, உள்ளே வருவதையும் சேர்த்துத் தடுக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். வெப்பக் கடத்தல் என்ற சொல்லெல்லாம் பிறகு வரட்டும்.

பதில் 3: விதைக்கூடு

மேலே சொன்னவை எல்லாம் ஒரு பாடவேளையில் முடிபவை. நாள் கணக்கில் கவனிக்கும் ஒன்றும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். பயறு முளைப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் பெரும்பாலும் தப்பாகவே செய்கிறார்கள்.

முழுப் பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஒளி புகும் டம்ளருக்குள் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி, சுவரோடு ஒட்டி நிற்கும்படி வைத்து, பயறுகளைக் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் செருகுங்கள். அடியில் ஒரு விரல் அகலம் தண்ணீர், காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். விதைமேல் தண்ணீர் ஏறக் கூடாது. மூழ்கிய விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகும், மூன்றாம் நாள் நாற்றம் வந்துவிடும். ஒரு டம்ளருக்கு ஒரு விதை வைப்பதுதான் பெரிய தப்பு. அந்த ஒன்று முளைக்காவிட்டால் பிள்ளை "தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது" என்று எழுதிக்கொண்டு போகும். 10 விதை வையுங்கள். "10இல் 9" என்று சொல்லப் பழகட்டும்.

இப்போது முக்கியமான இடம். "முளைக்க நீர், காற்று, சூரிய ஒளி தேவை" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு டம்ளரை அலமாரிக்குள் வைப்பார்கள். இருட்டிலும் பயறு முளைக்கும்! பெரும்பாலான விதைகள் முளைக்க ஒளி தேவையில்லை, விதையில் சேமித்த உணவே போதும். ஒளி வேண்டியிருப்பது அதற்குப் பிறகு, செடி தானே உணவு செய்யும்போது. அதோடு நிற்காது. ஆறாம் ஏழாம் நாளில் இருட்டில் இருக்கும் செடிதான் உயரமாக இருக்கும். உயரத்தை மட்டும் அளந்தால் "இருட்டே நல்லது" என்ற முடிவுதான் வரும், அளவீட்டின்படி அது நியாயமும்கூட. எனவே நான்கு விஷயங்களைப் பாருங்கள்: உயரம், இலையின் நிறம், இலையின் அகலம், தண்டு தானாக நிற்கிறதா. இருட்டுச் செடி வெளுத்த மஞ்சளாக, இலை விரியாமல், தண்டு துவண்டு இருக்கும். 12 நாளாவது விட்டுவையுங்கள். பிறகு அதை வெயில் ஜன்னலுக்கு மாற்றிப் பச்சையாகிறதா என்று பார்க்கலாம்.

எழுத வராதவர்களுக்கு ஒரு வழி. தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, தேதி போட்டு, தாளில் வரிசையாக ஒட்ட வேண்டும். பத்தாம் நாள் அது தானாகவே பட்டை வரைபடமாகியிருக்கும். அளவுகோல் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பட்டைகளின் அடி ஒரே கோட்டில் இருக்கட்டும். விடுமுறை நாளுக்கு இடம் விட்டு ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை செடி திடீரென்று குதித்த மாதிரி தெரியும்.

வேர் 3 செ.மீ. வந்ததும் தண்ணீரைக் கொட்டி, ஈரக் காகிதத்தோடு டம்ளரை மூடிப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். ஒருநாளில் வேர் நுனி கீழ்நோக்கி வளைந்துவிடும். பிள்ளைகள் இதை மறக்க மாட்டார்கள்.

புதுப்பலகை

எல்லோருக்கும் நன்றி. இருட்டுச் செடி உயரமாக வளரும் என்பது எனக்கே புதிது. இன்னும் இரண்டு. மூன்றாம் வகுப்புக்கு மின்சுற்றும் காந்தமும் பாடத்தில் இருக்கின்றன, கையில் கொடுக்கலாமா? விடை தெரியாத "ஏன்" கேள்வி வந்தால் என்ன செய்வது?

பதில் 4: செம்புக்கம்பி

தாராளமாகக் கொடுக்கலாம், மூன்று விஷயங்களைக் கண்டிப்பாக ஒதுக்கிவிட்டு. பளபளப்பான சின்ன நியோடிமியம் காந்தம் கூடாது: இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளைக் கவ்விக்கொண்டு துளையிட்டுவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். பொத்தான் செல் கூடாது: தொண்டையில் மாட்டினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ரீசார்ஜ் செல்லும் கூடாது, குறுக்குச் சுற்று ஆனால் (செல்லின் இரு முனையும் பல்ப் இல்லாமல் கம்பியால் நேரே இணைந்தால்) அது மிக அதிக மின்னோட்டம் தரும். சுவர்ப் பிளக் பக்கமே இந்தப் பேச்சு போகக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மின்சுற்றுக்கு: 1.5 வோல்ட் சாதாரண செல் ஒன்று, 2.5 வோல்ட் டார்ச் பல்ப் ஒன்று, 15 செ.மீ. உறையிட்ட கம்பி ஒன்று, இரு முனையிலும் 2 செ.மீ. உரித்தது. ஒரே ஒரு கம்பி. "எரியவையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், படம் வரைந்து காட்டாதீர்கள். பல பிள்ளைகள் செல்லின் ஒரு முனையிலிருந்து பல்புக்குக் கம்பி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், குழாயில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் வந்தால் போதும் என்று. பல்பில் தொட வேண்டிய இடம் இரண்டு: அடிக்குமிழ், பக்கத்து உலோகச் சுற்று. செல்லிலும் இரண்டு. அந்த நான்கையும் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும், ஜன்னல் வெயிலில் தெரியாது. நிழலான மூலைக்கு வாருங்கள்.

எரியாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: பல்ப் இழை அறுந்ததா, கம்பி முனை உண்மையிலேயே உரிந்ததா (எனாமல் பூசிய செம்புக்கம்பி பார்க்க வெறும் செம்பு மாதிரியே இருக்கும், உப்புத்தாளால் சுரண்ட வேண்டும்), செல் தீர்ந்ததா. பல்புக்குப் பதில் எல்இடி வைத்தால் ஒரு செல்லில் எரியாது, சிவப்புக்கே 2 வோல்ட் அளவு வேண்டும். கம்பியின் இரு முனையும் நேரே செல்லின் இரு முனையைத் தொட்டால் சில நொடிகளில் சுடும். "கம்பி சுட்டால் உடனே விடு" என்பதை எல்லோரும் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

காந்தத்துக்குக் கறுப்பு ஃபெரைட் போதும், குழந்தையின் வாய்க்குள் போகாத அளவு. உலோகம் எல்லாம் ஒட்டும் என்ற எண்ணத்தை உடைக்க அலுமினியத் தாள், செம்புக்கம்பி, பித்தளைச் சாவி, இரும்பு ஆணி வையுங்கள். எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. முன்கூட்டியே சோதித்து இரண்டிலும் ஒன்று வைத்திருந்தால் நல்ல விவாதம் நடக்கும். பிறகு காந்தத்துக்கும் ஜெம் கிளிப்புக்கும் நடுவில் காகிதம் ஒவ்வொன்றாகச் செருகி, எத்தனையாவது தாளில் கிளிப் விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரிய காந்தம்தான் வலிமையானதா என்பதை அந்த எண்ணே காட்டும்.

தெரியாத "ஏன்"? அதை "எது", "எவ்வளவு" என்று மாற்றலாமா என்று பாருங்கள். "காந்தம் ஏன் இழுக்கிறது" என்பதற்கு எட்டு வயதில் விடை இல்லை. "தண்ணீருக்குள்ளும் இழுக்குமா" என்பதற்கு ஒரு நிமிடத்தில் விடை உண்டு. மாற்ற முடியாததைச் சுவரில் ஒரு தாளில் எழுதி, கேட்ட பிள்ளையின் பெயரைப் போட்டு ஒட்டுங்கள்.

பதில் 5: சொற்கட்டு

யாரும் மொழியைப் பற்றிச் சொல்லவில்லை. தமிழில் கற்பிக்கும்போது இதுவே பாதிக் குழப்பம். பேச்சில் நாம் "ஐஸ் கரைஞ்சிடுச்சு" என்போம், சர்க்கரையும் "கரைஞ்சிடுச்சு". இரண்டும் ஒன்றென்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும், கரைவதற்குத் திரவம் வேண்டும். இதை விளக்கிப் பயனில்லை, செய்ய வேண்டும்.

சின்னப் பிளாஸ்டிக் உறையில் ஒரு சாக்லேட் துண்டு, இன்னொன்றில் ஒரு கரண்டி சர்க்கரை. இரண்டையும் உள்ளங்கைகளில் 5 நிமிடம் மூடிப் பிடிக்கட்டும். சாக்லேட் இளகிவிடும், சர்க்கரை அப்படியே இருக்கும். இப்போது இன்னொரு துண்டு சாக்லேட்டையும் ஒரு கரண்டி சர்க்கரையையும் தனித்தனியே குளிர்ந்த நீரில் போட்டுக் கலக்கட்டும். சர்க்கரை காணாமல் போகும், சாக்லேட் துண்டாகவே கிடக்கும். நான்கு கட்டம் வரைந்து நிரப்பினால் இரண்டு சொற்களும் பிரிந்துவிடும். வகுப்பில் சோதனைப் பொருளை வாயில் வைக்கக் கூடாது என்ற விதியை இங்கே தளர்த்தாதீர்கள், அது சர்க்கரையாக இருந்தாலும்.

"காணாமல் போனது" என்பதற்கும் தராசு உண்டு. 100 கிராம் நீர், 10 கிராம் உப்பு, கலக்கிய பிறகு 110 கிராம். அதைக் கறுப்புத் தட்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றி வெயிலில் வைத்தால் உப்புப் படிகம் திரும்பி வரும். சர்க்கரையில் இதைச் செய்யாதீர்கள், பிசுபிசுப்பான பாகுதான் மிஞ்சும்.

அடுத்தது "பூச்சி". சிலந்திப்பூச்சி என்று சொல்கிறோம், அதற்கு 8 கால், பூச்சியினம் இல்லை. கம்பளிப்பூச்சி பூச்சியினம்தான், ஆனால் எண்ணினால் 6க்கு மேல் கால் வரும். தலைக்குப் பின்னால் இருக்கும் கூர்மையான 3 ஜோடிதான் உண்மையான கால், பின்னால் சதைப்பற்றாக இருப்பவை பிடிமானத்துக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் "கால் எண்ணி வகைப்படுத்து" என்று வெளியே அனுப்பினால், சரியாக எண்ணிய பிள்ளைதான் தப்பான விடையோடு வரும். மண்புழுவும் கம்பளிப்புழுவும் "புழு" என்ற ஒரே சொல்லுக்குள் இருப்பதும் இதே வகை. அதுபோல "விலங்கு" என்றால் நான்கு கால் உள்ளது மட்டும் என்று நினைப்பார்கள். எறும்பு, மீன், மனிதன் மூன்றையும் பட்டியலில் வைத்துக் கேளுங்கள்.

படம் வரைவதிலும் இதைப் பார்க்கலாம். நிழலை வரையச் சொன்னால் சில பிள்ளைகள் நிழலுக்கும் கண்ணும் வாயும் போடுவார்கள். திருத்தாமல் வெளியே கூட்டிப் போய்ச் சொந்த நிழலைச் சாக்பீஸால் சுற்றி வரையச் சொல்லுங்கள்.

பதில் 6: அளவுகோல்

நிழல் என்றதும் ஒன்று சேர்க்கிறேன், உங்கள் திறந்த இடத்துக்கு. மணல் நிரப்பிய டப்பாவில் 30 செ.மீ. குச்சியை நேராக நட்டு, 9 மணி முதல் 3 மணி வரை மணிக்கொரு முறை நிழல் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். முதல் புள்ளிக்கு முன்பே டப்பாவின் அடியைச் சுற்றித் தரையில் கோடு போட்டுவிடுங்கள். யாராவது இடறினால் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். குட்டையான நிழல் சரியாக 12 மணிக்கு விழும் என்று சொல்லிவைக்காதீர்கள். கடிகாரம் ஒரு பெரிய பகுதிக்கே பொது, சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். 11:30 முதல் 12:45 வரை கால் மணிக்கொரு புள்ளி வைத்தால் அந்த நேரத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எல்லோரும் சூரியனுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். கறுப்புக் கண்ணாடி போட்டாலும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது.